சுறாவும் மந்தியும்: மோகனூர்க் கரையிலிருந்து ஓர் ஒப்பாய்வு

சுறாவையும் குரங்கையும் ஒப்பிட நினைப்பவர் கடற்கரையில் உட்கார்ந்து அதைச் செய்யக் கூடாது. அங்கே சுறாவுக்கு ஆள்பலம் அதிகம். மலையில் உட்கார்ந்தும் செய்யக் கூடாது. குறிப்பேட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடும். இரண்டுக்கும் சொந்த ஊராக இல்லாத, இரண்டிடமும் கடன்படாத ஓர் இடம் வேண்டும். தேடிப் பார்த்ததில் ஆய்வுலகம் இதுவரை கவனிக்கத் தவறிய ஊர் ஒன்று அகப்படுகிறது: நாமக்கல் மாவட்டம், காவிரியின் வடகரை, மோகனூர்.

ஊரின் தகுதிகள் பல. வடகிழக்கே போய் 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை, அங்கே குரங்கு. கிழக்கே காவிரியைப் பிடித்துக்கொண்டே போனால் பூம்புகார், அதற்கப்பால் சுறா. நடுவில் மோகனூர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வருவதும், கரையோரத் தோட்டங்களில் வாழைத்தார் வெட்டுவதுமாகத் தன் பாட்டுக்கு இருக்கிறது. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழநிக்குப் புறப்பட்ட முருகனை அன்னை கூப்பிட்டு நிறுத்திய ஊர் இது என்பது தலபுராணம். பழத்தகராறில் சமரசம் பேசிய முன்அனுபவம் உள்ள ஊர் என்பதைத் தேர்வுக்குழு கவனத்தில் கொள்ள வேண்டும்.

எல்லாப் பெரிய ஆய்வுகளையும் போல இதுவும் ஒரு வாக்குவாதத்தில்தான் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் பெட்டியில் கடல் மீன் வந்து இறங்கும்போது, மீன்காரருக்கும் வாழைத்தோட்டக்காரருக்கும் நடுவே காதில் விழக்கூடிய பேச்சு இது.

“பால் சுறா வந்திருக்குதுங்க மாமா. புட்டுக்கு எடுத்துக்குங்க.”

“அதைய ஏன் மாப்ள வெட்டறே? அது நம்ம தோட்டத்துக்குள்ள வந்துச்சா, ஒரு தார் பூவனைச் சாய்ச்சுச்சா? எங்க தங்கச்சி ஊர்ல, மலையடிவாரத்துல, கொரங்கு பண்ற அழும்பு கொஞ்சநஞ்சமில்ல. வெட்டறதுன்னா அதையல்ல வெட்டோணும்?”

“அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க மாமா. அது ஆஞ்சநேயருங்க.”

“செரி, அப்ப சுறா ஆரு?”

இந்தக் கடைசிக் கேள்விதான் ஆய்வுச் சிக்கல். குரங்கு ஆஞ்சநேயர் என்றால் சுறா யார்? மேலோட்டமாகப் பார்த்தால் கிண்டல். உள்ளே இறங்கினால் தொல்காப்பியம் முதல் பனாமா மாநாடு வரை இழுத்துக்கொண்டு போகும்.

முதலில் ஆய்வு எல்லை. உலகில் 500க்கு மேற்பட்ட சுறா இனங்கள் உண்டு. எல்லாவற்றையும் மோகனூருக்கு அழைக்க முடியாது. வெள்ளைச் சுறா 1975இல் வந்த ஹாலிவுட் படத்துக்குப் பிறகு சினிமாக்காரர் ஆகிவிட்டது, ஆகவே நீக்கம். புதுச்சேரியின் பெயரையே தாங்கிய சுறா ஒன்று உண்டு. 1839இல் அறிவியல் பெயர் பெற்றது, 1979க்குப் பிறகு அதைப் பற்றி உறுதியான பதிவு இல்லை. மண்ணின் மைந்தன் என்ற முறையில் அதற்கு முன்னுரிமை தந்திருக்கலாம், ஆனால் ஆளே அகப்படாத இனத்தை எந்த மேசையில் வைத்து ஒப்பிடுவது? மிஞ்சியது பால் சுறா. கடையில் இந்தப் பெயரில் சின்னச் சுறாக்கள் பலவும் விற்கும் என்றாலும், விலங்கியல் இந்தப் பெயரோடு முடிச்சுப் போட்டிருப்பது ரைசோப்ரியோனோடான் அக்யூட்டஸ் என்ற இனத்தை. பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டிய நீளம், சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கூர்மூக்கு.

குரங்கில் இவ்வளவு குழப்பம் இல்லை. நாட்டுக்குரங்கு, மக்காக்கா ரேடியேட்டா. உச்சந்தலை மயிர் நடுவிலிருந்து நாலாபுறமும் பிரிந்து படிந்திருக்கும், உடம்பின் நீளத்துக்கு வால் இருக்கும், தீபகற்ப இந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன ழெஃப்ருவா என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1812. பால் சுறாவுக்குப் பெயர் வைத்தவர் ரூப்பல் என்ற ஜெர்மானியர், ஆண்டு 1837, மாதிரி கிடைத்த இடம் செங்கடல் கரையில் ஜெட்டா. இருவரும் மோகனூர் வந்ததற்குச் சான்று இல்லை. வந்திருந்தால் இவ்வளவு சுருக்கமான பெயரோடு விட்டிருக்க மாட்டார்கள்.

முன்னாய்வுகள் பகுதியைத் தொட்டால் தொல்காப்பியர் முந்திக்கொண்டு நிற்கிறார். மரபியலில் எந்த உயிரின் ஆணுக்கு என்ன பெயர், பெண்ணுக்கு என்ன பெயர் என்று வகுத்துக்கொண்டே வருபவர், கடல்வாழ் சுறாவின் ஆணை ‘ஏறு’ என்று சொல்லலாம் என அனுமதிக்கிறார். பெண் குரங்குக்கு ‘மந்தி’யை ஒதுக்குகிறார். ஒரே இயலுக்குள் இரண்டும் வந்துவிட்டதால் இந்த ஒப்பாய்வுக்கு இலக்கண அனுமதி உண்டு என்று கொள்க. (காளைக்கும் சுறாவுக்கும் ஒரே பெயர் கொடுத்தவர் அவர். பிற்காலத்து விலங்கியலார் ஒரு பெரிய சுறாவுக்குக் காளைச் சுறா என்று பெயர் வைத்தபோது தொல்காப்பியரிடம் கேட்டார்களா என்பது வேறு வழக்கு.)

கொடி விஷயத்திலும் சமநிலை. அர்ச்சுனன் தேரில் குரங்குக் கொடி, மன்மதன் கையில் சுறவுக் கொடி. ஒருவர் போருக்குப் போனார், இன்னொருவர் போரைக் கிளப்பிவிட்டார். புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று.

வழிபாடு என்று வரும்போது மோகனூரின் மீன்காரருக்கு எதிர்பாராத இடத்திலிருந்து பதில் வருகிறது. மோகனூரைத் தொட்டுக்கொண்டு போகும் இதே காவிரியின் கழிமுகத்தில், காவிரிப்பூம்பட்டினத்தில், பௌர்ணமியன்று பரதவர் கடலுக்குப் போகாமல், சினையான சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றிக் கொண்டாடினார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. கொம்புள்ள சுறா என்பது இன்றைய வேளா மீனாக இருக்க வேண்டும், அது திருக்கைக்குப் பங்காளி என்று விலங்கியலார் குறுக்கிடுவார்கள். குறுக்கிடட்டும். பாட்டில் சுறா என்றுதான் இருக்கிறது. ஆக, ஆற்றின் கடைக்கோடியில் சுறா சாமி. ஆற்றிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, நாமக்கல் கோட்டை அடிவாரத்தில், கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் 18 அடி உயரத்தில் நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார் ஆஞ்சநேயர். அனுமன் ஜெயந்திக்கு அவருக்கு 1,00,008 வடை கோத்து மாலை சார்த்துவது வழக்கம். சுறாவுக்கு வடை மாலை சார்த்திய ஊர் எதுவும் இல்லை. அதற்குக் கிடைத்தது புட்டு, அதுவும் சுறாவையே போட்டுச் செய்தது.

இரண்டும் நேருக்கு நேர் சந்தித்த ஒரே வழக்கு பஞ்சதந்திரத்தில் பதிவாகியிருக்கிறது. கடலோரத்து நாவல் மரத்தில் ஒரு குரங்கு. அது போடும் பழத்தைத் தின்றுவிட்டு நண்பனாகிறது நீர்வாழ் உயிர் ஒன்று. நண்பனின் மனைவிக்குக் குரங்கின் இருதயத்தின்மேல் ஆசை. முதுகில் ஏற்றிக்கொண்டு பாதிக் கடலில் உண்மையைச் சொல்ல, “இருதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டேனே” என்று குரங்கு தப்பிக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் அந்த நீர்வாழ் உயிருக்கு முதலை என்று படம் போட்டுவிட்டன. ஆனால் வடமொழியில் அதற்குப் பெயர் மகரம், தமிழ் நிகண்டு மரபில் மகரம் என்றால் சுறா. குற்றவாளியின் அடையாளத்தில் குழப்பம் இருப்பது தெளிவு.

இதற்குப் புறச்சான்று ஆப்பிரிக்காவில் கிடைக்கிறது. எட்வர்ட் ஸ்டீர் என்ற ஆங்கிலப் பாதிரியார் சான்சிபாரில் சுவாஹிலி மக்கள் சொல்லக் கேட்டுத் தொகுத்த கதைகள் 1870இல் நூலாக வந்தன. அதிலும் இதே கதை உண்டு, அதே இருதயம், அதே சாக்கு. குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் நண்பன் மட்டும் அங்கே ஐயத்துக்கு இடமின்றிச் சுறா. மரக்கலங்கள் பருவக்காற்றில் இந்தியாவுக்கும் சான்சிபாருக்கும் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் கதையும் சரக்கோடு ஏறியிருக்கும். முதலை தரப்பு இத்தனை நூற்றாண்டுகளாக அனுபவித்த அவப்பெயருக்கு இழப்பீடு கோரலாம்.

கதைக்கு வேண்டிய நாவல் மரமும் நீர்நிலையும் மோகனூரில் தயார். நாவலடி கருப்பண்ணசாமியை அறியாதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. இருதயம் பறிகொடுக்க வேண்டிய குரங்கு கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்துவிடும். சுறா வருமா என்பதுதான் கேள்வி.

கேலியாகத் தோன்றினாலும் இதற்கு அறிவியல் பதில் உண்டு. சுறா நன்னீருக்கு வராது என்பது பொது விதி, அதை மீறுகிறவர் மேலே வழக்குத் தொடரப்பட்ட அந்தக் காளைச் சுறா. அமேசான் ஆற்றில் கடலிலிருந்து ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் உள்ளே, பெரு நாட்டு இக்கிட்டோஸ் வரை அது போயிருக்கிறது. நிகராகுவா ஏரிக்கு ஆற்றின் வழியே ஏறி வந்து போகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1990களின் வெள்ளத்தில் கோல்ஃப் மைதானக் குளம் ஒன்றுக்குள் வந்து சிக்கிக்கொண்ட காளைச் சுறாக்கள் சுமார் 17 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தன. குளத்தில் விழுந்த பந்தை எடுக்க யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். உடம்பில் உப்பையும் யூரியாவையும் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் திறமைதான் அதன் ரகசியம். பால் சுறாவுக்கு அந்த அளவு திறமை இல்லை, பொதுவாகக் கழிமுகம் வரை எட்டிப் பார்க்கும், அவ்வளவே.

சரி, காளைச் சுறாவே கிளம்பி வரட்டும். கரிகாலன் கட்டிய கல்லணை குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டினால் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணை. அதையும் தாண்டினால் மாயனூர் கதவணை. அப்படியே எல்லாரும் கதவைத் திறந்துவிட்டாலும், கோடையில் மோகனூர்க் காவிரியில் தண்ணீரைவிட மணல் அதிகம். மேட்டூரில் திறந்தால்தான் ஆறு. சுறா நடந்துதான் வர வேண்டும். நடக்கும் சுறாவும் இருக்கிறது என்பதை இந்த இடத்தில் மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது: ஆஸ்திரேலியப் பவளத்திட்டுகளில் தோள்பட்டைச் சுறா என்ற சிறு இனம், கடல் வற்றும் நேரத்தில் துடுப்புகளை ஊன்றித் தவழ்ந்து ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குப் போகும். பூம்புகாரிலிருந்து மோகனூர் வரை குட்டைகளின் இடைவெளி அதற்குக் கட்டுப்படியாகாது.

எதிர்த்திசைப் பயணம் குரங்குக்குச் சுலபம். மக்காக் குடும்பத்துக்கு நீந்தத் தெரியும். தெரிந்தாலும் இராமாயணத்தில் அவர்கள் நீந்தவில்லை, பாலம் கட்டினார்கள். மோகனூருக்கும் எதிர்க்கரை வாங்கலுக்கும் நடுவே இப்போது பாலம் இருப்பதால் அந்த வேலையும் மிச்சம்.

உடலமைப்பைப் பற்றி ஆய்வேடுகளில் பக்கம் பக்கமாக அட்டவணை போடுவார்கள். இங்கே அவசியமில்லை. குரங்குக்கு எலும்பு, சுறாவுக்குக் குருத்தெலும்பு. குரங்குக்குக் கன்னத்தில் பை, கிடைத்ததை அடைத்துக்கொண்டு ஓடிப்போய் நிதானமாக மெல்லும். சுறாவுக்குப் பல் வரிசை வரிசையாக உள்ளே காத்திருக்கும், முன்பல் விழுந்தால் பின்பல் முன்னே வரும், பல் மருத்துவருக்குச் செலவில்லை. சுறாத் தோலில் நுண்ணிய பற்கள் போன்ற செதில்கள், உப்புத்தாள் வருவதற்கு முன்னால் பல நாட்டுத் தச்சர்கள் அதைக் கொண்டுதான் மரத்தை வழுவழுப்பாக்கினார்கள். சுறாவுக்கு மரம் ஏறத் தெரியாது என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுகிறது. சுறாக்களின் முன்னோர் கடலில் தோன்றி 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அப்போது உலகில் மரமே கிடையாது. இல்லாத பாடத்தில் தேறவில்லை என்று சொல்வது அநியாயம்.

புலன்களில் இருவரும் வல்லவர்கள். சுறாவின் மூக்கைச் சுற்றித் துளித்துளியாகத் துவாரங்கள். 1678இல் லோரென்சினி என்ற இத்தாலியர் அவற்றை விவரித்தார், அவை எதற்கு என்பது புரிய இருபதாம் நூற்றாண்டு ஆனது. மணலுக்கடியில் பதுங்கியிருக்கும் மீனின் தசை அசைவில் பிறக்கும் மின்சாரத்தைக்கூட அவற்றால் சுறா உணரும். நாட்டுக்குரங்குக்கு அந்தக் கருவி இல்லை, தேவையும் இல்லை. கேரிபேக் சரசரத்தால் போதும், உள்ளே இருப்பது பழமா செருப்பா என்று பத்தடி தூரத்திலேயே தெரிந்துகொள்ளும். இது வெறும் கேலியல்ல. கர்நாடகத்தின் பந்திப்பூரில் நாட்டுக்குரங்குகளைக் கவனித்த அனிந்திய சின்ஹா குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அவை மனிதரைப் பார்த்துக் குறிப்பிட்ட விதமாகக் கூவிக் கையை நீட்டித் தின்பண்டம் கேட்பதை, அதுவும் வேண்டுமென்றே நம்மோடு நடத்தும் உரையாடல் என்று கருதத்தக்க விதத்தில் கேட்பதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கேட்டு வாங்குகிறவரைத் திருடர் என்று சொல்லலாமா என்பதை வாழைத்தோட்டக்காரர் யோசிக்க வேண்டும். அவர் யோசிக்க மாட்டார், தார் அவருடையது.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். பால் சுறாவுக்குத் தொப்புள் உண்டு.

மீன் என்றால் முட்டை, குரங்கு என்றால் குட்டி என்று பள்ளியில் படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது. பால் சுறாவின் கரு முதலில் தன் மஞ்சள்கருப் பையில் உள்ளதைத் தின்று வளர்கிறது. அது தீர்ந்ததும் காலிப்பை வீணாவதில்லை. தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நஞ்சுக்கொடியாகிவிடுகிறது. அங்கிருந்து கொடி வழியே குட்டிக்கு உணவு போகிறது. ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகளை உயிரோடு ஈனுகிறது. பிறந்த குட்டியின் மார்புத் துடுப்புகளுக்கு நடுவே, வயிற்றுப் பக்கம், கொடி அறுந்த தழும்பு சில வாரங்கள் ஆறாமல் இருக்கும். மீன் கடையில் குட்டிச் சுறாவைப் புரட்டிப் பார்த்தால் யாரும் பார்க்கலாம், நுண்ணோக்கி வேண்டாம். நாட்டுக்குரங்கு சுமப்பது சுமார் 24 வாரம், குட்டி ஒன்று. சுமக்கும் காலத்தில் மந்தியைவிடச் சுறா இரண்டு மடங்கு, மனுஷியைவிடவும் அதிகம்.

இதை முதலில் எழுதிவைத்தவர் மோகனூர்க்காரர் அல்லர் என்பது வருத்தம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், கிரேக்கக் கடலில் ஒரு வகைச் சுறாவின் குட்டி தாயின் கருப்பையோடு கொடியால் கட்டுண்டிருப்பதைக் குறித்துவைத்தார். கிழவர் ஏதோ உளறுகிறார் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பலரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் யோகன்னஸ் மியூலர் என்ற பெர்லின் பேராசிரியர் அறுத்துப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்று 1842இல் நிறுவினார். புதுச்சேரிச் சுறாவுக்குப் பெயர் கொடுத்த நூலை எழுதியவர்களில் ஒருவரும் இதே மியூலர்தான். அரிஸ்டாட்டில் காலத்து மீனவருக்கும் இது தெரிந்திருக்கும், அவருக்குச் சொன்னவர்களே அவர்களாக இருக்கும். பட்டினப்பாலைப் பரதவர் சினைச்சுறாவைத் தேர்ந்தெடுத்துக் கொம்பு நட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆசை மட்டுமே, சான்று இல்லை.

ஈன்ற பிறகு கதை தலைகீழ். சுறாத் தாய் குட்டியைக் கரையோர ஆழமில்லாத நீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காது. பிறந்த நிமிடத்திலிருந்து அது தனி ஆள், தானே இரை தேட வேண்டும். மந்தி மாதக்கணக்கில் குட்டியை வயிற்றோடு கட்டிக்கொண்டே அலையும். மகள் வளர்ந்தாலும் தாயின் கூட்டத்திலேயே இருப்பாள், கூட்டத்தில் அவள் அந்தஸ்து தாயின் அந்தஸ்தை ஒட்டித்தான். மகன் பருவம் வந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விடுவான். கொங்கு நாட்டில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு என்பதால் இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக் குழம்புவது இயல்பு.

இங்கே ஒரு முரண் வெளிப்படுகிறது. குட்டிக்குப் பால் கொடுப்பது மந்தி, பால் என்ற பட்டம் சுறாவுக்கு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டு கொடுப்பது தமிழ்நாட்டில் வழிவழி வந்த வைத்தியம். அந்த நம்பிக்கையைக் கேட்டறிந்துதான் ஆங்கிலத்திலும் இந்த மீனுக்குப் ‘பால்’ சேர்த்துப் பெயர் வைத்தார்கள். கடலே பார்க்காத மோகனூர்ப் பாட்டிமார்களும் பேத்தி பிரசவித்து வீட்டுக்கு வந்தால் கடல் மீன் கடைக்கு ஆள் அனுப்புவார்கள். செய்முறையும் சாமான்யமானதல்ல. துண்டு போட்ட சுறாவை மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, தோலை உரித்து, நீர் போகப் பிழிந்து, பூப்போல உதிர்க்க வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலையை நல்லெண்ணெயில் வதக்கி, உதிர்த்ததைக் கொட்டிக் கிளறி, ஈரம் வற்றும்வரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. பூண்டு கொஞ்சம் தாராளமாக விழ வேண்டும். சுறாவின் ரத்தத்திலும் தசையிலும் இருக்கும் யூரியா, செத்த பிறகு அம்மோனியாவாக மாறுவதால்தான் பழைய சுறா மூக்கில் ஏறுகிறது. கடல் உப்பிலிருந்து உயிரைக் காத்த அதே சரக்குதான் சமையலறையில் கவுச்சியாகிறது. மஞ்சளும் பூண்டும் அதைச் சமாளிக்கத்தான்.

பால் சுரக்கிறதா? புரதம் உண்டு, தெம்பு கிடைக்கும் என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் நிறுவப்படவில்லை. மறுபக்கம், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சுறாவைச் சேர்த்திருக்கிறது. காரணம் பாதரசம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று, அதைவிடப் பெரியது அதைத் தின்று, பாதரசம் மேலே மேலே சேர்ந்துகொண்டே போய் உச்சியில் இருக்கும் சுறாவிடம் வந்து நிற்கிறது. சின்னச் சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் பாட்டியும் டாக்டரும் ஒரே அறையில் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது. டாக்டர் தோற்றுவிடுவார்.

ஆபத்து என்ற தலைப்பில் சுறாவுக்குத்தான் பேர். உலகம் முழுவதும் சுறாக் கடிகளைக் கணக்கெடுக்கும் ஃபுளோரிடா அருங்காட்சியகத்தின் பதிவேட்டில், மனிதர் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் 2023இல் 69, 2024இல் 47. பூமி முழுவதற்கும் அவ்வளவுதான். பால் சுறா ஆளைக் கடித்தது என்று பயந்து ஓடியவர் யாருமில்லை. இந்தியாவில் கடித்துவிட்டது என்று ஊசி போட வருபவர்களில் நாய்க்கடிக்காரர்களோடு குரங்குக்கடிக்காரர்களும் நிற்கிறார்கள். இருந்தும் குரங்கைப் பார்த்தால் குழந்தைக்குக் காட்டுகிறோம், சுறா என்றால் காலை மடக்கிக்கொள்கிறோம். விளம்பரத்தில் சுறாவுக்குக் கிடைத்த ஆள் சரியில்லை. தமிழ் சினிமாவும் கைகொடுக்கவில்லை: விஜய்யின் 50ஆவது படத்துக்குச் ‘சுறா’ என்றே பெயர் வைத்தார்கள், 2010இல் வந்தது, போன வேகம் தெரியவில்லை. 2017இல் வந்த ‘குரங்கு பொம்மை’யைப் பாராட்டினார்கள். இந்தச் சுற்றும் குரங்குக்கே.

சட்டத்தின் முன் நிலை இன்னும் சுவையானது. நாட்டுக்குரங்கை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, பிடிப்பதென்றால் வனத்துறை வர வேண்டும். 1978இல் இந்தியா குரங்கு ஏற்றுமதியையே நிறுத்தியது. அதுவரை வடநாட்டு ரீசஸ் குரங்குகள் ஆயிரக்கணக்கில் அமெரிக்க ஆய்வகங்களுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. சுறாவில் திமிங்கலச் சுறாவும், மேலே சொன்ன புதுச்சேரிச் சுறாவும், வேறு சில இனங்களும் 2001இல் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. சுறாத் துடுப்பு ஏற்றுமதி 2015இல் தடைசெய்யப்பட்டது. பால் சுறாவைப் பிடிக்கவும் விற்கவும் தடையில்லை. உலகில் அதிகம் சுறா பிடிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஆனால் இரண்டையும் பற்றிய உலகக் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த ஒப்பாய்வுக்கு வேண்டிய முடிவு தானாக வந்து விழுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பால் சுறாவும் நாட்டுக்குரங்கும் ஒரே படியில் இருக்கின்றன: அழியும் வாய்ப்புள்ளவை. அரிய உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையிலும் இரண்டும் இன்று ஒரே இணைப்பில், இரண்டாம் இணைப்பில். குரங்கினங்கள் முன்பே அங்கே இருந்தன. 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் பால் சுறாவின் குடும்பம் முழுவதையும் சேர்த்தார்கள்.

சுறா குறைவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மற்ற மீனுக்குப் போட்ட வலையிலும் அது ஏறுகிறது, ஒரு வருடம் சுமந்து இரண்டு முதல் ஐந்து குட்டி ஈனும் உயிர், லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களோடு போட்டிபோட முடியாது. குரங்கு குறைகிறது என்று சொன்னால்தான் மலையடிவாரத் தோட்டக்காரர் சிரிப்பார். அவர் கண்ணுக்குத் தெரிவது தோட்டத்துக்கு வந்த கூட்டம், சாலையிலிருந்து காணாமல்போன கூட்டம் அவர் கண்ணில் படாது. ஆலும் புளியும் நிழல் கவிந்த பழைய நெடுஞ்சாலைகள்தான் சமவெளி நாட்டுக்குரங்கின் வீடு. மைசூர் வட்டாரச் சாலைகளில் பல ஆண்டு இடைவெளியில் எண்ணிப் பார்த்தவர்கள், சாலையோரக் குரங்குகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதைக் கண்டார்கள். சாலையை அகலமாக்க மரத்தை வெட்டினால் குரங்கு எங்கே போகும்? நாமக்கல் வழியே போகும் சேலம்–கரூர் சாலையும் நாற்கரம் ஆனபோது தன் புளியமரங்களை இழந்த சாலைதான். மரம் போனதும் குரங்கு ஊருக்குள் வரும், அல்லது கொல்லிமலைச் சாலையின் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து கார்களை எதிர்பார்க்கும். கார்க்காரர் கண்ணாடியை இறக்கிச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுவார். கீழே இறங்கிய குட்டி அடுத்த வளைவில் வரும் வேன் சக்கரத்தில் மாட்டும். தின்பண்டம் கிடைக்காத நாளில் அதே குரங்கு இன்னொருவர் கையைக் கடிக்கும்.

ஆக, தீர்ப்பு. பழமையில் சுறா, புத்தியில் குரங்கு. சுமப்பதில் சுறா, வளர்ப்பதில் மந்தி. சாதுவில் சுறா, செல்வாக்கில் குரங்கு. போட்டி சமன் என்று அறிவிக்கப்படுகிறது. சுறாவை எடுத்துக் குறைக்கிறோம், குரங்கைக் கொடுத்துக் கெடுக்கிறோம் என்பது ஆய்வின் உபரி விளைவு.

ஆய்வேட்டின் பரிந்துரைகள் இரண்டு, இரண்டுக்கும் செலவில்லை. கொல்லிமலை ஏறும்போது எந்த வளைவிலும் வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தின்ன எதுவும் போடாதீர்கள், கண்ணாடியையும் இறக்காதீர்கள். மீன் கடையில் பால் சுறா வாங்குவதாக இருந்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வயிற்றில் தொப்புள் தழும்பு ஆறாமல் இருந்தால் அது பிறந்து சில வாரமே ஆன குட்டி, வாங்காதீர்கள்.